பலகையில் பச்சை படியாத கத்தி

கொத்தமல்லியை நறுக்கி முடித்ததும் பலகையைப் பாருங்கள். வழக்கமான கத்தி என்றால் அங்கே பச்சையாக ஓர் ஈரத்திட்டு இருக்கும். அது தழையின் சாறு. ரசத்தில் சேர வேண்டிய வாசம் மரத்தில் ஊறிக் கிடக்கிறது. என் கத்தியால் நறுக்கினால் பலகை காய்ந்தே இருக்கும். இலைகள் நசுங்காமல், ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனித் துணுக்குகளாகக் குவிந்திருக்கும். அள்ளினால் உள்ளங்கை ஈரமாகாது. மிச்சத்தை டப்பாவில் போட்டு வைத்தால் மறுநாள் காலையிலும் ஓரம் கறுக்காமல் அப்படியே இருக்கும். ஒரு கத்திக்கு இத்தனை புகழ்ச்சியா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் கொத்தமல்லியைத்தான். அதற்குப் பிறகு அவர்களே கத்தியைக் கையில் வாங்கிப் பார்க்கிறார்கள்.

ஒசாகாவில் குடித்தனம். காலையில் சாம்பார், பொரியல். இரவில் மிசோ சூப், மீன், பக்கத்தில் பச்சை முட்டைக்கோஸ். இப்படி இரண்டு ஊர்ச் சமையலும் மாறி மாறி நடக்கும் அடுப்படியில் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கத்திதான். ஃபுகுயி மாநிலத்தின் எச்சிஸென் நகரில் உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்த சான்டோகு என்ற வீட்டுக் கத்தி. ஜப்பானியக் கத்தி என்றதும் பலருக்கும் சுஷிக் கடைக்காரர் கையில் இருக்கும் நீண்ட கத்தி நினைவுக்கு வருகிறது. ‘அதெல்லாம் தொழில்காரர்களுக்கு’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் ஆதங்கம். கையால் அடித்த கத்தியின் முழுச் சுகமும் தெரிவது, தினமும் பீன்ஸும் கேரட்டும் அரிந்து வீட்டாருக்குச் சோறு போடுகிறவர்களுக்குத்தான். அவர்களுக்கு இது போய்ச் சேர வேண்டும்.

கத்தியைப் பற்றிச் சொல்கிறேன். அலகு 165 மில்லிமீட்டர், ஒரு சாண் நீளம்கூட இல்லை. எடை 150 கிராமுக்குப் பக்கம். மேல்பாதி உலையில் ஏறிய கறுப்போடு அப்படியே விடப்பட்டிருக்கிறது. இந்தக் கறுப்புக்கு குரோஉச்சி என்று பெயர். கீழ்ப்பாதி தீட்டப்பட்டு வெளிச்சத்தில் மங்கலாக மின்னும். வாய்க்குச் சற்று மேலே, நுனியிலிருந்து அடிவரை ஒரு மெல்லிய கோடு வளைந்து வளைந்து ஓடுகிறது. மெல்லிரும்பு முடிந்து உள்ளே இருக்கும் எஃகு வெளிப்படும் இடம் அது. எண்கோணப் பிடி, மெருகேற்றாத மரம். ஈரக்கையிலும் வழுக்காது, கத்தியைப் பார்க்காமலே வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரல்களுக்குத் தெரிந்துவிடும்.

முதுகைப் பார்த்தால்தான் கைவேலை புரியும். பிடியருகில் முதுகு 3 மில்லிமீட்டர் தடிமன். அங்கிருந்து நுனியை நோக்கிப் போகப் போக மெலிந்துகொண்டே வருகிறது. முதுகிலிருந்து வாய்க்கு இறங்கும் வழியிலும் அதே மெலிவு. வாயை மேலே திருப்பி, அடிப்பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் நீண்டு ஒடுங்கிய ஓர் ஆப்பு தெரியும். கடைசிச் சில மில்லிமீட்டரில் தடிமன் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. ஒரு கத்தி காய்க்குள் எப்படி நுழைகிறது என்பது அதன் கூரை மட்டும் பொறுத்ததில்லை, கூருக்குப் பின்னால் வரும் உடம்பையும் பொறுத்தது. தடித்த கத்தியை எவ்வளவு தீட்டினாலும் கேரட்டைப் பாதி வழியில் பிளக்கத்தான் செய்யும். ‘டக்’ என்று சத்தம் வரும், துண்டு தெறித்து ஓடும். இந்தக் கத்தி கேரட்டுக்குள் சத்தமே இல்லாமல் இறங்குகிறது. வெட்டிய முகத்தைத் தொட்டுப் பாருங்கள், கண்ணாடி வழவழப்பு.

தக்காளியில் எடையே போதும். தோலின் மேல் வாயை வைத்துச் சற்று முன்னால் தள்ளினால் கத்தி தானாக உள்ளே போகும், விதையும் சாறும் அதனதன் அறையிலேயே இருக்கும். இஞ்சியை நார்க்குறுக்கே சீவினால் வெளிச்சம் ஊடுருவும் வில்லைகள். கறிவேப்பிலையைச் சுருட்டிவைத்து நூல் நூலாக அரியலாம். கோடையில் ஒசாகாக் கடைகளில் வெண்டைக்காய் குவியும், இங்கேயும் அதைப் பிரியமாகச் சாப்பிடுகிறார்கள். இந்தக் கத்தியில் அரிந்த வெண்டைக்காய் வாணலியில் கொழகொழவென்று கூடிக்கொள்ளாமல் சீக்கிரமே மொறுமொறுப்புக்கு வந்துவிடுகிறது. பீன்ஸைப் பத்துப் பன்னிரண்டாக அடுக்கிப் பிடித்தால் ஒரு தள்ளலில் எல்லாம் அறுந்து விழும். எல்லாத் துண்டும் ஒரே அளவு என்பதால் எல்லாம் ஒரே நேரத்தில் வேகும். சுவைக்கான பாதிக் கணக்கு அடுப்பில் ஏறும் முன்பே பலகையில் தீர்ந்துவிடுகிறது என்பதை நான் இந்தக் கத்தியிடம்தான் கற்றேன்.

முட்டைக்கோஸைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். டொன்கட்சு என்ற பன்றிக்கறி வறுவலுக்குப் பக்கத்தில் ஜப்பானியர்கள் மயிரிழையாகச் சீவிய பச்சை முட்டைக்கோஸை மலையாகக் குவித்துப் பரிமாறுவார்கள். குளிர்ந்த நீரில் கொஞ்ச நேரம் போட்டெடுத்தால் விறைத்து நிற்கும், இனிக்கும். காரமோ பச்சை நெடியோ இருக்காது. அதே சீவலை நம் பாணியில் கடுகு, உளுந்து, மிளகாய் தாளித்து, அடுப்பைக் கூட்டிவைத்து ஒரு புரட்டுப் புரட்டிக் கடைசியில் தேங்காய்ப்பூ தூவி இறக்கிப் பாருங்கள். தண்ணீர் தெளிக்க வேண்டாம், மூடிவைக்க வேண்டாம். முட்டைக்கோஸ் பொரியல் இவ்வளவு நயமான பண்டமா என்று எங்கள் வீட்டில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

வெங்காயம் அரியும்போது கண் எரிவது அதன் செல்கள் உடைவதால். செல்லுக்குள் பிரிந்து கிடந்த நொதியும் கந்தகச் சேர்மமும் கலந்து, கண்ணைக் கரிக்கும் ஆவியாக எழும்புகின்றன. அந்த ஆவியை உண்டாக்கும் குறிப்பிட்ட நொதியைக் கண்டறிந்ததும் ஜப்பானியர்கள்தான். கறிக்குழம்புக் கட்டிகள் தயாரிக்கும் ஹவுஸ் ஃபுட்ஸ் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2002-இல் நேச்சர் இதழில் அதை வெளியிட்டார்கள். 2013-இல் அதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது. மழுங்கிய கத்தி செல்களை நசுக்கிக்கொண்டே போகும், மெல்லிய கூர் தன் வழியில் இருப்பவற்றை மட்டும் அறுக்கும். சாம்பாருக்கும் சட்னிக்கும் சேர்த்து ஒரு கிண்ணம் வெங்காயம் பொடியாக நறுக்கிவிட்டுக் கண்ணைத் துடைக்காமல் நிமிர்வது ஒரு பெரிய நிம்மதி. அதைவிடப் பெரியது ருசி. நசுங்காத வெங்காயம் பச்சையாகவே இனிக்கிறது. தயிர்ப் பச்சடியில் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும்.

இந்தக் கத்தி பிறந்த ஊருக்கு நான் போய்வந்தேன். 2024 மார்ச்சில் ஹொகுரிகு ஷிங்கன்சென் பாதையை சுருகா வரை நீட்டியபோது எச்சிஸென் தக்கெஃபு என்று ஒரு புது நிலையம் திறந்தார்கள். இறங்கினால் சுற்றிலும் நெல்வயல், அப்பால் மலை. பழைய ஊர் தக்கெஃபு. கெஞ்சி கதையை எழுதிய முரசாகி ஷிகிபு, தந்தை இங்கே ஆளுநராக வந்த காலத்தில் கொஞ்ச நாள் வாழ்ந்த ஊர் இது. கத்திக்காரர்கள் சொல்லும் வரலாறு 1337-இல் தொடங்குகிறது. கியோட்டோவின் வாள்கொல்லர் சியோசுரு குனியாசு, வாளுக்குத் தோய்ச்சல் போட நல்ல தண்ணீர் தேடி இங்கே வந்தார் என்றும், வாளோடு சுற்றுவட்டாரக் குடியானவர்களுக்கு அரிவாளும் அடித்துக் கொடுத்தார் என்றும் சொல்கிறார்கள். அந்த அரிவாள்தான் ஊரைப் பிழைக்கவைத்தது. அரக்கு மரத்தில் பால் எடுக்க நாடு முழுக்கப் போன எச்சிஸென் தொழிலாளர்கள் போகிற இடமெல்லாம் ஊர் அரிவாளையும் கத்தியையும் கொண்டுபோய் விற்றார்கள். வெட்டுக்கருவித் தொழில்களில் ஜப்பான் அரசு மரபுக் கைத்தொழில் என்று முதலில் அங்கீகரித்தது, 1979-இல், எச்சிஸெனுடையதைத்தான். வாளின் புகழைச் சொல்லிக்கொள்ளும் ஊர்கள் ஜப்பானில் நிறைய உண்டு. அரிவாளால் வளர்ந்த ஊர் என்பதால் எனக்கு இதன்மேல் பிரியம் கூடுதல். என் அடுப்படிக் கத்திக்கும் அந்தக் கதிர் அரிவாளுக்கும்தான் நேர் உறவு.

நகரத்தை அடுத்த வயல்வெளியில் தக்கெஃபு நைஃப் வில்லேஜ் இருக்கிறது. 1980-களில் கத்தித் தொழில் படுத்துக்கொண்டிருந்த நேரத்தில், உள்ளூர்ப் பட்டறைக்காரர்கள் ஃபுகுயியைச் சேர்ந்த வடிவமைப்பாளர் கவாசாகி கசுவோவோடு சேர்ந்து புது வடிவங்களைத் தேடினார்கள். பிறகு 1993-இல் பல பட்டறைகள் சேர்ந்து ஒரே கூரையின் கீழ் பொதுப் பட்டறை கட்டிக்கொண்டன. போட்டியாளர்கள் பக்கத்துப் பக்கத்து உலையில் நின்று வேலை செய்கிறார்கள். இளைஞர்கள் வந்து கற்கிறார்கள். பார்வையாளர்கள் மேலே நின்று பார்க்கலாம்; பட்டறையின் சூடும் சத்தமும் அங்கே வரை ஏறி வரும்.

நான் அங்கே கண்கொட்டாமல் பார்த்தது ஒரு வேலையை. உலையிலிருந்து கொல்லர் ஆரஞ்சு நிறத்தில் கனலும் இரும்பை இடுக்கியில் இழுத்தார். உற்றுப் பார்த்தால் இரண்டு கத்தித் தகடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. இரண்டையும் சேர்த்தே விசைச் சம்மட்டிக்குக் கீழே கொடுத்தார். தடதடவென்று அடி விழ, பிடியைத் தளர்த்தாமல் தகட்டை நகர்த்திக்கொண்டே இருந்தார். சிறிது நேரத்தில் மேலதைக் கீழும் கீழதை மேலுமாக மாற்றி மறுபடி அடி. இதற்கு நிமாய் ஹிரோகே என்று பெயர், எச்சிஸெனின் தனி முறை. ஒற்றைத் தகடு மெலிய மெலியச் சீக்கிரம் ஆறிவிடும். ஆறிய இரும்பை அடித்தால் சீராக விரியாது. இரண்டு சேர்ந்தால் தடிமன் இரு மடங்கு, சூடு நெடுநேரம் நிற்கிறது. அதனால் ஒவ்வொன்றையும் நினைத்த அளவுக்கு மெல்லியதாகத் தட்டிவிட முடிகிறது. என் வீட்டுக் கேரட்டில் சத்தமில்லாமல் இறங்கும் அந்த மெலிவு எங்கே உண்டாகிறது என்று அங்கே நின்றபோது புரிந்தது. மேல்படிந்த செதிலை உதிர்க்கப் பட்டடையில் தண்ணீர் தெளித்து அடித்தார்கள். படீரென்று நீராவி வெடித்துச் செதில் பறந்தது. எனக்குக் கைதட்டத் தோன்றியது. தட்டினேன்.

அடுத்தது தோய்ச்சல். அலகின் மேல் சேற்றுக்குழம்பைப் பூசி உலர்த்தி, சுமார் 800 டிகிரிக்குக் காய்ச்சி, சட்டென்று நீரிலோ எண்ணெயிலோ இறக்குகிறார்கள். சேறு சூட்டைச் சீராக்குகிறது, நீரில் இறங்கும்போது அலகைச் சுற்றிக் குமிழ் கட்டிக் குளிர்ச்சி தடைபடாமலும் பார்த்துக்கொள்கிறது. இரும்பின் நிறத்தை வைத்தே சூட்டைக் கணிக்க வேண்டும் என்பதால் பட்டறையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும் கொல்லர்கள் உண்டு. தோய்ச்சலில் எஃகு கண்ணாடியாக விறைத்து நிற்கும். அப்படியே விட்டால் நொறுங்கும். அதனால் மிதமான சூட்டில் மறுபடி காய்ச்சிப் பதம் தளர்த்துகிறார்கள். பிறகு, காய்ச்சலில் கோணிய அலகை ஒருவர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துப் பார்த்து, சின்னச் சுத்தியால் தட்டி நேராக்கிக்கொண்டே இருந்தார். அவர் தட்டிய இடங்களில் கோணல் இருந்தது எனக்குக் கடைசிவரை தெரியவே இல்லை.

எஃகு வருவது ஷிமானே மாநிலத்து யாசுகியிலிருந்து. ஹிட்டாச்சி மெட்டல்ஸ் என்று இருந்து இப்போது புரோட்டீரியல் என்று பெயர் மாறிய நிறுவனம் வார்க்கிறது. எஃகின் மேல் ஒட்டும் தாளின் நிறத்தை வைத்து வெள்ளைத்தாள், நீலத்தாள் என்று ரகம் பிரிக்கிறார்கள். என்னுடையது நீலத்தாள் 2-ஆம் எண். அதில் கரிமம் 1.05 முதல் 1.15 விழுக்காடு, கூடவே கொஞ்சம் டங்ஸ்டனும் குரோமியமும் உண்டு, அதனால் கூர் நெடுநாள் நிற்கிறது. வெள்ளைத்தாளில் அந்தச் சேர்மானங்கள் இல்லை. அது கல்லில் இன்னும் சீக்கிரம் கூரேறும், ஆனால் நீலம் அளவுக்கு உழைக்காது. கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் நீலத்தாள் 61, 62 என்று நிற்கும். ஐரோப்பியக் கத்திகள் பெரும்பாலும் 56, 58. எண்ணில் சின்ன இடைவெளிதான், பலகையில் பெரிய இடைவெளி. மென்மையான எஃகை மெல்லியதாகத் தீட்டினால் கூர் மடங்கிவிடும், அதனால் தடிமனாகவே விட வேண்டும். கடினமான எஃகு மெல்லிய கூரைத் தாங்கும். ஆனால் முழுக் கத்தியையும் கடின எஃகில் செய்தால் வளைத்தால் உடையும், தீட்டவும் பிராணன் போகும். அதனால்தான் நடுவில் எஃகு, இருபுறமும் மெல்லிரும்பு என்று உலையிலேயே ஒட்டி அடிக்கிறார்கள். கல்லில் தேய்க்கும்போது பெரும்பகுதி மெல்லிரும்புதான் தேய்கிறது, நடுவில் இருக்கும் எஃகு மெலிந்த கூராக வெளியே வருகிறது. இந்த ஏற்பாட்டை யோசித்தவர்களை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

கடைகளில் சம்மட்டித் தழும்பு பதித்த கத்திகளைக் காட்டி ‘கையால் அடித்தது’ என்று விற்பார்கள். தழும்பை ஆலையிலும் பதிக்கலாம். ஏற்கெனவே ஒட்டவைத்த எஃகுத் தகட்டை வாங்கி அதிலிருந்து அடித்தெடுக்கும் நல்ல கொல்லர்களும் உண்டு, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கைவேலையை நான் தேடுவது முதுகின் மெலிவிலும் தீட்டலிலும். அடித்தவர் கையைத் தீட்டியவர் கை கெடுக்காமல் இருந்தால் அது நல்ல கத்தி. ஒசாகாவுக்குத் தெற்கே இருக்கும் சகாய் நகரில் அடிப்பவர், தீட்டுபவர், பிடி பொருத்துபவர் என்று தொழிலையே மூன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள், அவரவர் வேலையில் அவரவர் மன்னர். புகையிலை அரியும் கத்திக்கு எடோ காலத்து அரசின் முத்திரையும் தனியுரிமையும் பெற்ற ஊர் அது. மீனைச் சீவும் ஒருபக்கக் கூர்க் கத்திகளில் சகாயை யாரும் மிஞ்ச முடியாது, ஜப்பானியச் சமையற்கலைஞர்கள் அங்கேதான் போகிறார்கள். ஹங்காய் டிராமில் ஏறி நானும் அடிக்கடி போய் வேடிக்கை பார்ப்பேன். வீட்டுக்கு மட்டும் இருபக்கக் கூர் போதும். இடக்கைக்காரர்களும் அப்படியே பிடிக்கலாம்.

சான்டோகு வடிவம் பழையது இல்லை. காய் அரியும் செவ்வக நக்கிரி வெகுகாலமாக வீடுகளில் இருந்தது. மெய்ஜி காலத்தில் மாட்டிறைச்சியோடு மேலைநாட்டுக் கத்தி வந்தது. போருக்குப் பிந்தைய வீடுகளில் இரண்டும் கலந்து சான்டோகு பிறந்து, காய்க்கும் மீனுக்கும் கறிக்கும் பொதுவானது. வாய் ஏறக்குறைய நேர்கோடு என்பதால் ஆட்டி ஆட்டி வெட்டாமல், முன்னால் தள்ளி இறக்க வேண்டும். கை இரண்டொரு நாளில் பழகிவிடும். கத்தியின் கழுத்தைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளிப் பிடித்தால் இன்னும் சுகம்.

இது துருப்பிடிக்கும் எஃகு. அதைச் சொன்னதும் பலர் பின்வாங்குகிறார்கள், அப்போதெல்லாம் எனக்கு நம் அரிவாள்மணையைச் சொல்லத் தோன்றும். அதுவும் இதே ஜாதி இரும்புதான். அரிந்ததும் கழுவித் துடைத்து வைப்பது, வாழைக்காய் அரியும் முன் எண்ணெய் தொட்டுக்கொள்வது, கறை ஏறினால் புளி போட்டுத் தேய்ப்பது எல்லாம் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த வேலைகள். அந்தப் பழக்கம் அப்படியே இங்கே செல்லுபடியாகும். வெங்காயமும் எலுமிச்சையும் பட்டுப் பட்டு என் கத்தியின் எஃகு ஓரம் முதலில் நீலம் பூத்தது, பிறகு சாம்பல், இப்போது மழைமேக நிறம். துருவைப் போல இது அரிக்காது. இந்தப் படலம் ஏறிய பிறகு கத்தி எளிதில் துருப்பிடிப்பதும் குறைகிறது. வாழைத்தண்டு அரியும்போது மட்டும் கத்தியை நடுநடுவே துடைத்துக்கொண்டால் போதும், தண்டு கறுப்பதும் குறையும். பக்கத்தில் ஒரு காய்ந்த துணி வைத்துக்கொள்வதுதான் இந்தக் கத்தி கேட்கும் அன்றாடப் பராமரிப்பு.

மிச்சமிருப்பது சாணைக்கல். இதில்தான் நான் மயங்கிக் கிடக்கிறேன். 1000 எண் கல்லை நீரில் போட்டுக் குமிழ் அடங்கும்வரை ஊறவைக்க வேண்டும். கத்தியைக் கல்லில் படுக்கவைத்து, முதுகைக் கொஞ்சம் தூக்க வேண்டும். இரண்டு மூன்று பத்து யென் நாணயத்தை அடுக்கிய உயரம் என்று இங்கே சொல்லிக்கொடுப்பார்கள். கோணத்தைக் கலைக்காமல் தள்ளி இழுக்க, தள்ளி இழுக்க, கல்லில் சாம்பல் நிறச் சேறு கிளம்பும். அதைக் கழுவிவிடக்கூடாது, அந்தச் சேறுதான் வேலை செய்கிறது. சத்தத்தைக் கேட்க வேண்டும். முதலில் கரகரவென்று இருக்கும், கூர் பிடிக்கப் பிடிக்க ஒரு வழுவழுப்பான சீறலாக மாறும். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கத்தில் பெருவிரலை வாய்க்குக் குறுக்கே, மெல்ல வெளிப்புறமாக நகர்த்தினால் நுனியிலிருந்து அடிவரை ஒரு பிசிறு தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அது முழு நீளத்திலும் எழுந்துவிட்டால் அந்தப் பக்கம் முடிந்தது. திருப்பிப் போட்டு அதே வேலை. பிறகு 3000 எண் கல்லில் மெல்லச் சில இழுப்புகள், பிசிறு உதிர ஒரு பழைய செய்தித்தாளில் இரண்டு தேய்ப்பு. எழுந்து போய் ஒரு தக்காளியை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள், அந்தச் சந்தோஷத்துக்கு ஈடே கிடையாது!

இதைத்தான் எல்லாருக்கும் சொல்கிறேன். துருப்பிடிக்காத மலிவுக் கத்திகள் பலவற்றில் கூர் போனால் கல்லில் எவ்வளவு தேய்த்தாலும் பிசிறு விடாது, மெழுகாக இழுபடும். கையால் அடித்த கரிம எஃகு கல்லை விரும்புகிறது. கடைக்காரரைத் தேடிப் போக வேண்டாம், தெருவில் சாணை பிடிப்பவர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயடியில் அரைமணி நேரம் ஒதுக்கினால் புதிதாக வாங்கிய நாளைவிடக் கூர்மையாகவே வைத்துக்கொள்ளலாம். பிடி உளுத்தாலோ பிளந்தாலோ தட்டிக் கழற்றிவிட்டுப் புதுக் கட்டை போடலாம். அதற்காகவே அலகின் வாலைச் சுடவைத்து மரத்துக்குள் இறக்கியிருக்கிறார்கள். நன்றாக வைத்துக்கொண்டால் என் மகளும் இதில்தான் வெங்காயம் அரிவாள். தேய்ந்து தேய்ந்து அப்போது கொஞ்சம் ஒடுங்கியிருக்கும், அவ்வளவுதான்.

மெல்லிய கூருக்குச் சில வேலைகள் ஆகாது. எலும்பு, உறைந்த கறி, தேங்காய் ஓடு மூன்றுக்கும் வேறு கத்தி வேண்டும். ஜப்பானியப் பரங்கிக்காயின் தோல் கல்லாக இருக்கும். அதில் குத்தி நெம்பினால் வாய் சில்லு சில்லாகப் பெயரும். நேராக இறக்கி நேராக எடுத்தால் சேனைக்கிழங்கு வரை வெட்டலாம், பக்கவாட்டில் திருகுவது மட்டும் கூடாது. கிரானைட் மேடையிலோ கண்ணாடிப் பலகையிலோ வெட்டினால் ஒரே நாளில் கூர் போய்விடும். மரப்பலகைதான் வேண்டும், ஹினோக்கி மரப் பலகை கிடைத்தால் பாக்கியம், ஈரம் படும்போதெல்லாம் மணக்கும். அரிந்ததைப் பலகையிலிருந்து வழித்துத் தள்ள வாயைப் பயன்படுத்தாமல் கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடவே கூடாது.

விலை, நல்ல கைவேலைச் சான்டோகு 15,000 யென்னிலிருந்து தொடங்கி மேலே போகும். தினமும் இரண்டு வேளை கையில் பிடிக்கிற சாமான் என்று கணக்குப் போட்டால் என் வீட்டில் இதைவிட மலிவான பொருள் கிடையாது. ஒரு தடவை மதுரைக்குப் போகும்போது அம்மாவுக்கு ஒரு நக்கிரி கொண்டுபோனேன். கையில் வாங்கியதும் வாயைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து வழுக்குகிறதா என்று பார்த்தார். “நல்ல இரும்புடா, யாரு அடிச்சது?” என்றார். அடித்தவரைக் கேட்டாரே, விலையைக் கேட்கவில்லையே என்று எனக்கு அவ்வளவு பெருமை. இப்போது அவியலுக்கு அரிவாள்மணையை எடுப்பதில்லை. கீழே உட்கார முடியாத முழங்காலுக்கு மேடையில் நின்றபடி அரிவது சௌகரியமாக இருக்கிறது, அவர் கேட்கும் கூரும் இதில் இருக்கிறது.

ஜப்பான் பக்கம் வருகிறவர்கள் எச்சிஸெனுக்கு நேரம் ஒதுக்கி வாருங்கள். முடியாவிட்டால் ஒசாகாவின் தோகுயாசுஜி, டோக்கியோவின் கப்பபாஷி, இரண்டும் சமையல் சாமான் கடைத்தெருக்கள். அங்கே எல்லா ஊர்க் கத்தியும் கிடைக்கும். இருபக்கக் கூர், 165 மில்லிமீட்டர், சான்டோகு. காய் மட்டும்தான் என்றால் நக்கிரி. நீலத்தாளா வெள்ளைத்தாளா என்று கடைக்காரரைக் கேளுங்கள், உங்கள் சமையலைச் சொல்லுங்கள், பொறுமையாக நாலைந்து கத்தியைக் கையில் கொடுப்பார். ஒவ்வொன்றையும் பிடித்து, முதுகு நுனியை நோக்கி மெலிகிறதா என்று பாருங்கள். கேட்டால் உங்கள் பெயரைச் சிற்றுளியால் அலகில் பொறித்துத் தரும் கடைகளும் உண்டு. கூடவே 1000 எண் கல் ஒன்றையும் வாங்கிவிடுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பறிமுதல் செய்துவிடுவார்கள், பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள். கல் கனக்கும், அதற்கும் இடம் விட்டே மற்றதைக் கட்டுங்கள்.